மைனஸ் ஒரு லாரி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வேலை கிடைத்தது. நாற்பத்தேழு வயதில், முன்வழுக்கையோடு, என் மகளைவிடக் கொஞ்சமே மூத்த பையன் ஒருவன் முன்னால் கோடிங் எழுதிக் காட்டி, சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பொறியாளராகச் சேர்ந்தேன். எட்டு வருடம் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய் வந்தேன். போன மாதம்தான், முழங்கால் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஓய்வு பெற்றேன்.

இதை எழுதச் சொன்னது ஜொகூரில் ஐடி வேலை பார்க்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழு. திவ்யா என்ற பெண்தான் ஆரம்பித்து வைத்தாள். "அண்ணே, இப்ப ஏஐயே கோடு எழுதித் தள்ளுது. பாதி கம்பெனில இன்டர்வியூவுக்கே அத பக்கத்துல வெச்சுக்கச் சொல்லுறாங்க. அப்புறம் நாங்க என்னத்ததான் படிக்கிறது? நீங்க எப்படி பிரிப்பேர் பண்ணீங்க?"

வெற்றிக்குப் பத்து வழிகள் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். என்னிடம் இருப்பதோ இரண்டு தோல்வியும் ஒரு லாரியும்தான்.

ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தது, ஜொகூர் பாருவில் டிப்ளோமா படித்தது, பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் புரோகிராமராகச் சேர்ந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அந்த வேலைக்கு இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். மற்றவர் வரவில்லை.

அங்கே சிஸ்டம் பிரிவின் தலைவி புவான் ரொஹானா. புவான் என்றால் மலாயில் மேடம். குட்டையான உருவம், பெரிய கைப்பை, தாழ்ந்த குரல். அவர் சத்தம் போட்டு இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை. அவசியமும் வந்ததில்லை. அவரிடம் பச்சைத் தாள் இருந்தது.

புதிதாக எந்த புரோகிராம் எழுதுவதானாலும் முதலில் அந்தப் பச்சைத் தாளை நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் கீபோர்டைத் தொட்டால், பக்கத்தில் வந்து நின்று நம் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். விரல்கள் தாமாக மடங்கிவிடும். தாளில் மூன்று பத்தி. முதல் பத்தியில் உள்ளே என்ன வருகிறது, இரண்டாவதில் வெளியே என்ன போகிறது. மூன்றாவது பத்திக்கு மேலே "பெலிக்" என்று மலாயில் ஒரே ஒரு சொல். விசித்திரம் என்று அர்த்தம். வழக்கத்துக்கு மாறாக அங்கே என்ன நடக்கிறது என்று அதில் எழுத வேண்டும். அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அது காலியாக இருந்தால் மற்ற இரண்டையும் படிக்காமலே தாளைத் திருப்பி நீட்டுவார்.

"பெலிக் மானா, சந்திரன்?" விசித்திரம் எங்கே?

"பெலிக் ஒன்றும் இல்லை, புவான்."

"இல்லையென்றால் நீ இன்னும் பார்க்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா."

சேர்ந்த புதிதில், கேன்டீனில் தினமும் எத்தனை சாப்பாடு போகிறது என்று எண்ணும் புரோகிராம் எனக்கு வந்தது. சின்ன வேலை. மூன்றாவது பத்தியைக் காலியாகவே கொடுத்தேன். தாள் திரும்பியது. கேன்டீனுக்குப் போய் நின்றேன். பெலிக் எதுவும் கண்ணில் படவில்லை. நாசி லெமாக்தான் பட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தேன். தாள் மறுபடியும் திரும்பியது. மூன்றாவது முறை போனபோதுதான் அங்கே சமைக்கும் மலாய்க்கார அம்மா அலட்சியமாகச் சொன்னார்: இரவு ஷிப்ட் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒரு டோக்கன் கொடுப்பார்கள், பின்னால் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அவர்களுக்கு அது ஒரே நாள், உங்கள் கம்ப்யூட்டருக்குத்தான் இரண்டு நாள். ஓடிவந்து மூன்றாவது பத்தியில் எழுதினேன். புவான் ரொஹானா படித்தார், கையெழுத்துப் போட்டார். "இனி எழுது" என்றார். பாராட்டு என்றால் அவரிடம் அவ்வளவுதான். நான் அன்று முழுக்க மிதந்தேன்.

இப்படியே இருபத்திரண்டு வருடம். பிறகு ஒருநாள், சிஸ்டம் வேலை மொத்தத்தையும் வெளிநாட்டுத் தலைமையகமே பார்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். புவான் ரொஹானா ஓய்வு பெற்று மகனோடு கோலாலம்பூருக்குப் போய்விட்டார். நான் மாசாயில் என் வீட்டு சோபாவுக்கு மாற்றலானேன்.

அதற்குள் உலகம் மாறியிருந்தது. புரோகிராமர் வேலைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை. வீடியோவில் கூப்பிட்டு ஒரு புதிர் கொடுக்கிறார்கள், முக்கால் மணி நேரத்தில் அவர்கள் கண்ணெதிரே எழுதிக் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவனை, கயிற்றின் மேல் சைக்கிள் ஓட்டிக் காட்டச் சொன்னமாதிரி இருந்தது.

என் மனைவி பரமேஸ்வரி தெப்ராவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கியூசி. சரக்கைச் சோதித்துத் தேறாததை ரிஜெக்ட் செய்வதுதான் தொழில். அதே தொழிலை வீட்டிலும் சம்பளம் இல்லாமல் செய்து வந்தாள். அவளுடைய தம்பி குணா குளுவாங்கில் டயர் கடை வைத்திருக்கிறான். நான் வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம் அவனிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், எதுக்கு அந்த கம்ப்யூட்டர கட்டிக்கிட்டு அழுறீங்க? நம்ம கடைக்கு வந்து ஸ்டோர் பாத்துக்குங்க. நல்லா பாத்துக்குவேன் லா."

"பாக்கலாம் குணா."

"பாக்கலாம்னா எப்படி? அந்த வேலைக்கு வேற ஆளு ஒருத்தன் கேட்டுட்டு நிக்கிறான். இந்த மாசக் கடைசி சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுங்க."

டயர் கடை கேவலமான வேலை இல்லை. குணாவும் தங்கமான பையன். ஆனால் அந்த ஸ்டோரில் போய் உட்கார்ந்தால் இனி ஒரு வரி புரோகிராம்கூட எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சமைத்தால் தீய்ந்துவிடும், விளையாடினால் இறகுப்பந்து கூரைக்குப் போய்விடும், பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைக் கூட்டுவார். அந்த ஒன்றையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

ஆகவே படித்தேன். இணையத்தில் ஒரு பயிற்சித் தளத்திலிருந்து நூற்று ஐம்பது புதிர்களை ஒரு நோட்டில் எழுதி, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த அதே ராகத்தில் விடைகளை மனப்பாடம் செய்தேன். ஐந்தாம் வாய்ப்பாடு கைவிட்டதில்லை, இது மட்டும் கைவிடுமா?

முதல் இன்டர்வியூவில் வந்த கேள்வி என் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தது. எண்களின் பட்டியல் ஒன்றில் எந்த இரண்டைக் கூட்டினால் இன்ன தொகை வரும்? சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. வாயைத் திறக்காமல், நான்கே நிமிடத்தில் எழுதி முடித்தேன். நடுவில் இன்டர்வியூ எடுத்த பெண் மூன்று முறை "ஹலோ, கேட்கிறதா?" என்று கேட்டார். என் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: விண்ணப்பதாரர் எப்படி யோசிக்கிறார் என்பதை அறிய முடியவில்லை.

பரமேஸ்வரி படித்துவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் ஆகி இருபது வருசமாச்சு, எனக்கே தெரியல. அந்தப் பொண்ணுக்கு முக்கா மணி நேரத்துல எப்படித் தெரியும்?"

சரி, இனி யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கும் பயிற்சி எடுத்தேன். காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் வேலைக்கு விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, ஹெல்மெட்டுக்குள்ளேயே புதிர்களை விளக்கிக்கொண்டு வருவேன். "இப்போது இடது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால்..." ஹெல்மெட்டுக்குள் பேசினால் யாருக்கும் கேட்காது என்பது என் கணக்கு. ஒருநாள் சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்த சீனப் பெரியவர் என்னையே பார்த்து, பச்சை விழுந்ததும் எனக்கு வழி விட்டார். பைத்தியங்களுக்கு முன்னுரிமை.

இரண்டாவது இன்டர்வியூ. பேருந்து நிலையம் ஒன்றில் அதிக நெரிசலான நேரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இம்முறை வாய் ஓயாமல் பேசினேன். இன்டர்வியூ எடுத்த தம்பி ஆரம்பத்திலேயே மூன்று தடவை கேட்டான்: "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" மூன்று தடவையும், "இல்லை சார். புரிகிறது சார்." எத்தனை பேருந்து நிற்கிறது என்று எண்ணும் புரோகிராமை அட்டகாசமாக எழுதி முடித்தேன். அவர்கள் கேட்டது பயணிகளின் நெரிசலை. முடிவு உங்களுக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் பரமேஸ்வரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்ஸா ஆளான்னு ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"அது பரீட்ச பரமு. பரீட்சையில போய் கேள்வி கேப்பாங்களா?"

"அவனே கேளு கேளுன்னு மூணு தடவ சொல்லியிருக்கான்!"

"அது மரியாதைக்குச் சொல்லுறது."

"ஃபேக்டரில மட்டும் எப்படி வேல பாத்தீங்க?"

பச்சைத் தாளைப் பற்றிச் சொன்னேன். ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவரிடம், ஸ்டோரில் இருப்பவரிடம், சமைக்கும் அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்பேன் என்றேன்.

"புவான்கிட்ட எத்தன தடவ திருப்பிக் கேட்டிருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. எங்கள் தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று நடக்கும். வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, கிராணி எனப்படும் கணக்குப்பிள்ளை பேர் வாசிப்பார். இன்ன காட்டில் வேலை என்று சொன்னால் "ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பா நகர்ந்துவிடுவார். எந்த வரிசை, எத்தனை மரம் என்பதெல்லாம் நகர்ந்த பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்வது. நான் கணினி படித்தேன், டை கட்டினேன், வீடு வாங்கினேன். ஆனால் மேலே இருப்பவர் ஒன்றைச் சொன்னால் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அதே "ஐயா"தான். ஆங்கிலத்தில் வந்ததால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நாளையிலேருந்து நான் கேள்வி கேக்குறேன்," என்றாள் பரமேஸ்வரி. "திருப்பி மூணு கேள்வி என்னைய கேக்காம நீங்க பேனாவத் தொடக்கூடாது. தொட்டா ரிஜெக்ட்."

தினமும் வேலை முடிந்து வந்ததும் என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புரோகிராமில் அவளுக்கு அ, ஆ தெரியாது. ஆனால் ரிஜெக்ட் சொல்வதில் அவள் டாக்டர் பட்டம் வாங்கியவள். முதல் வாரம் பதினேழு ரிஜெக்ட். "இது கேள்வியா? காப்பி வேணுமான்னு கேக்குற மாதிரி இருக்கு. ரிஜெக்ட் டப்பால போடுங்க."

மூன்றாவது இன்டர்வியூ, மாதக் கடைசி வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை குணாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேறு அழைப்பு எதுவும் கையில் இல்லை. இதுவும் போனால் டயர்தான். பரமேஸ்வரிக்கு அன்று விடுமுறை. அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்வதாக பாவனை செய்துகொண்டிருந்தாள். கீரை முந்தின நாளே ஆய்ந்தாகிவிட்டது.

சேமிப்புக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனம் அது. கேட்டவன் டேரில். கண்ணாடி, கலைந்த முடி, இருபத்தைந்து வயது இருக்கும். பேசியது முழுக்க ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். திரையில் கேள்வியைப் போட்டான்.

ஒரு கிடங்குக்கு நான்கு லாரிகள் வருகின்றன. முதல் லாரி காலை நான்கு மணிக்கு வந்து ஒன்பதுக்குப் போகும். இரண்டாவது ஐந்து முதல் ஏழு வரை. மூன்றாவது ஆறு முதல் எட்டு வரை. நான்காவது இரவு பத்து மணிக்கு, அதாவது இருபத்திரண்டுக்கு வந்து, ஏழுக்குப் போகும். ஒரு லாரி நிற்க ஓர் இடம். மொத்தம் எத்தனை இடம் வேண்டும்? கீழே, சரியான விடை என்று பச்சைப் பெட்டியில் போட்டிருந்தது: 3.

என் நோட்டில் எண்பத்தேழாவது புதிர். கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். நேரத்தை வரிசைப்படுத்து, ஒரு லாரி வந்தால் ஒன்றைக் கூட்டு, போனால் ஒன்றைக் கழி, எது உச்சமோ அதுவே விடை. விரல் கீபோர்டுக்குப் போனது. கதவுக்கு வெளியே ஒரு இருமல். விரலை எடுத்தேன்.

"ஒரு கேள்வி. ஏழு மணிக்கு ஒன்று போய், அதே ஏழுக்கு இன்னொன்று வந்தால், அதே இடம் போதுமா?"

"போதும்," என்றான் டேரில். முகம் மலர்ந்தது.

"இந்த அட்டவணை ஒருநாளைக்கா, தினமுமா?"

"தினமும்."

"அப்படியென்றால் நான்காவது லாரி போவது மறுநாள் காலை ஏழு மணிக்குத்தானே?"

"ம்... ஆமாம். மறுநாள்தான்."

தாளை எடுத்து, வாய்விட்டு எண்ணினேன். நான்கு மணிக்கு ஒன்று. ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு மூன்று. ஏழுக்கு இரண்டு போகின்றன, மிச்சம் ஒன்று. எட்டுக்கு ஒன்று போகிறது, சைபர். ஒன்பதுக்கு ஒன்று போகிறது, மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒரு லாரி. இருபத்திரண்டு வருடத்தில் காணாமல்போன லாரியைப் பார்த்திருக்கிறேன், தப்பான இடத்துக்கு வந்த லாரியைப் பார்த்திருக்கிறேன், மைனஸ் லாரியைப் பார்த்ததில்லை. ராத்திரி வந்த நான்காவது லாரி விடியற்காலையில் உள்ளேதான் நிற்கிறது. புரோகிராமோ பன்னிரண்டு மணிக்கு அதை மறந்துவிட்டு, காலியான கிடங்கு என்று நினைத்து எண்ண ஆரம்பிக்கிறது. ஆறு மணிக்கு உண்மையில் நிற்பது நான்கு லாரி. விடை 3 இல்லை, 4.

மனப்பாடம் செய்ததை எழுதினால் 3 வரும், பெட்டியில் உள்ளதோடு பொருந்தும், எல்லாம் பச்சை. பேசாமல் "ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் வேலை கிடைத்தாலும் கிடைக்கும். பெட்டியில் இருப்பதே தப்பு என்றால்? பரீட்சைக்கு வந்தவன் கேள்வித்தாளைத் திருத்துவதா? அதுவும் எனக்கு வேறு வழியே இல்லாத அந்த வியாழக்கிழமையில்? ஆனால் அந்த லாரி ஆறு மணிக்கு அங்கே நிற்கிறது. அதை எண்ணாமல் விட என்னால் முடியவில்லை.

"டேரில், மன்னிக்கணும். பெட்டியில் இருக்கும் விடை தப்பு என்று நினைக்கிறேன்."

"இந்தக் கேள்வியை ரொம்ப நாளாகக் கேட்டு வருகிறோமே," என்றான். "எல்லாருக்கும் மூன்றுதான் வந்தது."

"எண்ணிக்கை மைனஸில் போகிறது. நீங்களே எண்ணிப் பாருங்கள்."

எண்ணினான். உதடு அசைவது திரையில் தெரிந்தது. ஒன்பது மணிக்கு வந்ததும் நின்றுவிட்டது. "ஒரு நிமிடம்," என்று எழுந்து போனான். திரையில் காலி நாற்காலி. ஒரு நிமிடம் ஐந்தாகி, பத்தைத் தாண்டியது. பரமேஸ்வரி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

"ஆளு எந்திரிச்சுப் போயிட்டான்."

"அலமாக்! என்ன சொன்னீங்க?"

"கேள்வியே தப்புன்னேன்."

"மூணு கேள்வி கேக்கச் சொன்னா, கேள்வியே தப்புன்னா சொன்னீங்க?" உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். "நெசமாவே தப்பா?"

"தப்புதான்."

"அப்ப அசையாம உக்காருங்க. ரிஜெக்ட் பண்ண சாமான திரும்ப லைன்ல வெக்கக்கூடாது."

டேரில் திரும்பி வந்தபோது கூடவே ஒரு பெண்மணியும் வந்தார். குட்டை முடி, காதில் சின்ன முத்து. லின் என்றும், பிரிவின் தலைவர் என்றும் அறிமுகம் செய்துகொண்டார். சிரிக்கவில்லை. "பதினெட்டு நிமிடம் இருக்கிறது. நான்கு வருகிற மாதிரி எழுதிக் காட்டுங்கள்."

எழுதினேன். ராத்திரியைத் தாண்டும் லாரியை இரண்டாக வெட்டி, பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று ஹெல்மெட்டுக்குள் பேசிய அதே வேகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். முதல் தடவை ஓட்டியபோது ஓடவில்லை. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருந்தேன். மூடினேன். மறுபடி ஓட்டினேன். திரையில் ஒரே ஒரு எண்: 4. அதற்குக் கீழே சிவப்பில், விடை பொருந்தவில்லை என்று வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு அழகான சிவப்பை நான் பார்த்ததில்லை.

"நன்றி," என்றார் லின். திரை அணைந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. லின். பரமேஸ்வரி சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மிஸ்டர் சந்திரன், நேற்று டேரில் பத்து நிமிடம் எங்கே போனான் தெரியுமா? அந்தக் கேள்வி எங்கள் சொந்த புரோகிராமிலிருந்து எடுத்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். அங்கேயும் அதே தப்பு. இடம் குறைவாக ஒதுக்கியதால் ஒரு கிடங்கில் தினமும் விடியற்காலையில் லாரிகள் வெளியே ரோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. பல மாதமாக டிரைவர்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஆள் வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வந்து சேர முடியும்?"

பரமேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள்.

"மேடம், ஒரு கேள்வி."

பரமேஸ்வரி கையை ஆட்டினாள். "வேணாம்! சரின்னு சொல்லுங்க!" சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

"அந்தக் கிடங்கை நான் காலை ஆறு மணிக்கு நேரில் பார்க்க முடியுமா?"

"தாராளமாக."

"அங்கே லாரிகளை வரிசையில் விடுபவர் யார்? அவரிடம் நான் பேசலாமா?"

"ஐயோ, மனுசா!" என்று தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் பரமேஸ்வரி. எதிர்முனையில் லின் முதல் தடவையாகச் சிரித்தார்.

மொத்தம் ஏழு கேள்வி கேட்டேன். ஏழுக்கும் பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் "சரி" என்றேன்.